உப்பாகிப்போன இளவரசனும் தாழம்பூ வெண்ணெயும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், எந்தக் கடலுக்கும் யாரும் பெயர் வைத்திராத நாளில், வெண்பாத்தி நாடு என்று ஒரு நாடு இருந்தது. கரை நெடுக உப்பளங்கள். தூரத்திலிருந்து பார்த்தால், மேகத்தை இறக்கிவைத்துப் பாத்தி கட்டியது போல இருக்கும்.

அந்த உப்பளத்தில் உப்பு வாருகிறவள் மாடத்தி. உப்பு வாருகிறவர்களின் கால் எப்படி இருக்கும் தெரியுமா? உப்புத்தண்ணீர் தோலைத் தின்றுவிடும். குதிகால் வெடித்து, விரலிடுக்கு பிளந்து, நடந்த இடமெல்லாம் ரத்தம் கசியும். மாடத்தி அதற்கு ஒரு கைமருந்து கண்டுபிடித்து வைத்திருந்தாள். தேங்காய் எண்ணெயோடு இலுப்பை எண்ணெயைச் சேர்த்து, லேசாகச் சூடுகாட்டி, உறையவிட்டு, மத்தால் கடைவாள். பொங்கிப் பொங்கி வெண்ணெயாக வரும். அதை ஒரு கொட்டாங்கச்சியில் வழித்து, இலையால் மூடி, மடியில் கட்டிக்கொள்வாள். காலில் பூசிக்கொண்டுதான் பாத்தியில் இறங்குவாள்.

உப்பளத்துச் சனங்களுக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. குடிக்க நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் காத தூரம் நடக்க வேண்டும். ஒரு நாள் அந்த வழியாக வந்த இளவரசன் கொற்றவேல், குடத்தோடு நடந்த பெண்களைப் பார்த்தான். குதிரையை விட்டு இறங்கினான். ஆட்களைக் கூட்டிவந்து, தானும் மண்வெட்டி பிடித்து, குடிசைகளுக்கு நடுவில் ஒரு கிணறு தோண்டினான். ஆழத்திலும் ஆழத்தில் தண்ணீர் வந்தது. இளநீர் போல இனித்தது.

கடலுக்குள் ஓர் உப்பு மலை நின்றது. அதில் உவரன் என்ற மந்திரவாதி குடியிருந்தான். அவன் தாடியில் உப்புப் பரல்கள் தொங்கும். அவன் மூச்சு பட்டால் பச்சைப்புல் கருகும். கரை முழுக்கத் தன்னுடையது என்று அவனுக்கு நினைப்பு. கிணறு வெட்டிய சேதி தெரிந்ததும், உச்சி வெயிலில், கடல்மேல் நடந்து, கிணற்றடியில் நின்ற கொற்றவேலிடம் வந்தான்.

"என் மண்ணில் இனிப்புத் தண்ணீரா?" என்றான். "தண்ணீர் மேல் ஆசைப்பட்டாய் அல்லவா? இனி அதுதான் உனக்கு எமன். உன் மேனி உப்பாகட்டும். ஒரு சொட்டு பட்டால் ஒரு குழி, ஒரு மழை பெய்தால் நீ இல்லை. உன் தோல் மறுபடி பூவைப் போல மென்மையானால் மட்டும் என் மந்திரம் முறியும். எந்த மருந்தில் தண்ணீர் இல்லை, சொல்."

அவ்வளவுதான். கொற்றவேலின் பாதம் வெளுத்தது, முழங்கால் வெளுத்தது, முகம் வெளுத்தது. கண்ணும் நாக்கும் மட்டும் உயிரோடு இருக்க, மற்றதெல்லாம் உப்பு.

அரண்மனைக்கு மூன்று வைத்தியர்கள் வந்தார்கள். முதல் வைத்தியர் மூலிகைச் சாறு தடவினார். மணிக்கட்டில் குழி விழுந்தது. இரண்டாம் வைத்தியர் பன்னீர் தெளித்தார். தோளில் குழி விழுந்தது. மூன்றாம் வைத்தியர் இளவரசனை வாசலிலிருந்தே பார்த்தார், கஷாயப் பானையை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். பெற்ற தாயான அரசி பக்கத்தில் வர முடியவில்லை. ஒரு துளிக் கண்ணீர் தெறித்தாலும் ஆபத்து என்று ஏழு கதவுக்கு அப்பால் உட்கார்ந்து அழுதாள். மழைக்காலம் தொடங்க ஒன்பது நாள்தான் இருந்தது.

சேதி உப்பளத்துக்கு வந்தது. மாடத்தி வாரிய உப்பைக் குவித்துப் போட்டுவிட்டு, வெடித்த காலோடு அரண்மனைக்கு நடந்தாள்.

"ராசா, தண்ணி இல்லாத மருந்து என்கிட்ட இருக்கு" என்றாள்.

அரசர் அவள் காலைப் பார்த்தார், கையில் இருந்த கொட்டாங்கச்சியைப் பார்த்தார். "இதில் என்ன இருக்கிறது?"

"கொழுப்பு, ராசா. உப்பு தண்ணியில கரையும். எண்ணெயில கரையாது. தினம் உப்புல நிக்கிறவளுக்கு அது தெரியும்."

அரசருக்கு வேறு வழியும் இல்லை. மாடத்தி இளவரசன் முன்னால் உட்கார்ந்து, விரல்நுனி வெண்ணெயை அவன் கால் சுண்டுவிரலில் தடவினாள். வெள்ளை விரல் மெல்லச் சிவந்தது. நகம் முளைத்தது. விரல் அசைந்தது. ஒரு நாழிகை கழிந்தது. மறுபடி வெளுத்து, இறுகி, உப்பாகிவிட்டது.

மாடத்தி யோசித்தாள். "மென்மையாகுது, ஆனா நிக்கல. உப்புக்காத்து படாத மரத்தோட கொழுப்பு வேணும். அது நழுவாம பிடிச்சு வைக்கத் தேன்மெழுகு வேணும்." பிறகு இளவரசனிடம் கேட்டாள். "ஐயா, உங்களுக்கு உள்ளுக்குள்ள எப்படி இருக்கு?"

"எதுவும் மணக்கவில்லை, அக்கா" என்றான் கொற்றவேல். "அம்மா தலையில் வைக்கும் பூகூட மணக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது."

"அப்போ மணமும் வேணும்" என்றாள் மாடத்தி. "தோலுக்குள்ள போய் உயிரைக் கூப்பிடுற மணம்."

மடியில் கொட்டாங்கச்சியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். அதில் மூன்று விரல் வெண்ணெய் மிச்சம் இருந்தது. அவள் காலுக்கு மூன்று நாளைக்குக் காணும்.

நடந்தாள், நடந்தாள், கடல் இரைச்சல் கேட்காத தூரம் நடந்தாள். அங்கே ஆயிரம் வருஷத்து இலுப்பை மரம் ஒன்று நின்றது. பத்துப் பேர் கைகோத்தாலும் வளைக்க முடியாத அடிமரம். இடி விழுந்து நடுவில் பிளந்திருந்தது.

"கொட்டை பொறுக்க வந்தாயா?" என்றது மரம். அதன் குரல் வேருக்குள்ளிருந்து வந்தது; மாடத்தியின் பாதத்தில்தான் முதலில் கேட்டது. "எடுத்துக்கொள். ஆனால் இந்தப் பிளவு காந்துகிறது. உன்னிடம் ஏதாவது இருக்கிறதா?"

மாடத்தி ஒரு விரல் வெண்ணெயை எடுத்துப் பிளவில் தடவினாள். கையளவுதான் தடவினாள். ஆனால் பிளவு முழுதும் நெடுக மூடிக்கொண்டது. மரம் ஒரு பெருமூச்சு விட்டது. கிளையெல்லாம் குலுங்கிக் கொட்டைகள் மழையாகக் கொட்டின.

நடந்தாள், நடந்தாள், மலை ஏறி நடந்தாள். பாறை இடுக்கில் தேனடை தொங்கியது. அடியில் ஒரு கரடி, நாலு பாதமும் வெடித்து, படுத்துக் கிடந்தது.

"அடையைத் தொட்டால் அடிப்பேன்" என்றது கரடி. "ஆனால் எழுந்திருக்க முடியவில்லை."

"காலைக் காட்டு" என்றாள் மாடத்தி. இரண்டாம் விரல் வெண்ணெயும் போயிற்று. கரடி எழுந்தது, ஒரு கால் வைத்தது, இன்னொரு கால் வைத்தது. பிறகு அதுவே பாறையேறி, தேன் வழிந்துபோன பழைய அடையாகப் பார்த்துப் பிய்த்து, அவள் கையில் வைத்தது.

நடந்தாள், நடந்தாள், உப்பங்கழி ஓரமாக நடந்தாள். தாழம்புதர். மடல் விரிந்த பூ பொன் போல நின்றது. பூவைச் சுற்றி ஒரு நல்லபாம்பு. அதன் கண் பால் போல வெளுத்திருந்தது.

"யார் அது?" என்றது பாம்பு. "மூன்று மாதமாகச் சட்டை உரியவில்லை. காய்ந்து ஒட்டிக்கொண்டது. கண்ணும் தெரியவில்லை. கிட்டே வந்தால் கொத்துவேன், கோபத்தில் இல்லை, பயத்தில்."

மாடத்திக்கும் பயம்தான். மடியைத் தடவிப் பார்த்தாள். கடைசி விரல் வெண்ணெய். அவள் காலிலிருந்து அப்போதே ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. இருந்தாலும் இலையைப் பிரித்தாள். பாம்பின் மூக்கிலிருந்து வால்வரை மெதுவாகத் தடவினாள். உதட்டோரம் சட்டை பிரிந்தது. கையுறை கழல்வது போல முழுசாகக் கழன்றது. உள்ளே புதுப் பாம்பு பளபளவென்று நின்றது. கண் திறந்து அவளைப் பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்தி, வழி விட்டது.

ஆறு நாள் ஆகிவிட்டது. கொப்புளமும் ரத்தமுமாகக் குடிசைக்கு வந்து சேர்ந்தாள். உட்காரவில்லை. தாழம்பூ மடலை ஈரம் துளியும் இல்லாமல் நிழலில் உலர்த்தினாள். இலுப்பைக் கொட்டையை இடித்துப் பிழிந்தாள். கொதிக்கும் பானை நீரின்மேல் உருளியை ஏந்தி, ஆவி உள்ளே அடிக்காதபடி துணி சுற்றி, மெழுகையும் கொழுப்பையும் உருக்கினாள். உருகியது தேன் நிறத்தில் கண்ணாடி போலக் கிடந்தது. அதில் தாழம்பூவை ஊறவைத்தாள். எடுத்துவிட்டு வேறு உலர்ந்த மடல் போட்டாள். மறுபடி எடுத்துவிட்டு மறுபடி போட்டாள்.

இனி உறைய வேண்டும், கடைய வேண்டும்.

அந்த மணம் கடல் தாண்டி உவரன் மூக்குக்குப் போயிற்று. அவன் மலையிலிருந்து ஊதினான். உப்பளம் முழுக்க அனல் காற்று. கோழி நிழலில் சுருண்டது, நாய் நாக்கைத் தொங்கவிட்டது. மாடத்தி கடைந்தாள், உறையவில்லை. கடைந்தாள், உறையவில்லை. கடைந்தாள், தண்ணீராகவே கிடந்தது. எட்டாம் நாளும் போயிற்று.

ஒன்பதாம் நாள் காலையில், தொண்டை வறண்டு, கிணற்றடிக்குப் போனாள். எட்டிப் பார்த்தபோது முகத்தில் குளிர்ச்சி அடித்தது. உவரனின் அனல் அந்த ஆழத்துக்குப் போகவில்லை. ஓடிவந்து உருளியை எடுத்தாள். வாயைத் துணியால் இறுகக் கட்டி, கயிற்றில் இறக்கி, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டாள். கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். ஒரு நாழிகை கழித்து இழுத்துப் பார்த்தால், பால்கட்டி போல உறைந்திருந்தது.

கிணற்றடியிலேயே உட்கார்ந்து மத்தைச் சுற்றினாள். முதலில் கட்டியாக இருந்தது. பிறகு குழைந்தது. பிறகு வெளுத்து, உப்பி, நுரைத்து, உருளியின் விளிம்பு தாண்டி எழுந்தது. நுரையா, மேகமா என்று தெரியாத வெண்ணெய். மணம் எழுந்தது. பாத்தியில் இரை தேடிய பூநாரைகள் எல்லாம் ஒற்றைக்காலில் அப்படியே நின்றுவிட்டன.

உருளியோடு அள்ளிக்கொண்டு ஓடினாள். அவள் அரண்மனைக்குள் நுழையும்போது அனல் நின்றது. வானம் இருண்டது. உவரன் மேகங்களை மாடு ஓட்டுவது போல ஓட்டிக்கொண்டு வந்தான்.

"கதவைச் சாத்துங்கள்" என்றார் அரசர்.

"கூரையே போகப்போகுது, ராசா" என்றாள் மாடத்தி. அவள் அதற்குள் இளவரசனின் காலில் பூசத் தொடங்கியிருந்தாள். பாதத்தில் பூசினாள், பாதம் சிவந்தது. முழங்காலில் பூசினாள், முழங்கால் மடங்கியது. மார்பில் பூசினாள், இதயம் துடிக்கும் ஓசை வெளியே கேட்டது. முகத்தில் பூசும்போது கொற்றவேல் நீளமாக மூச்சு இழுத்தான்.

"மணக்கிறது" என்றான். "அக்கா, தாழம்பூ மணக்கிறது."

வலது கை மட்டும் பாக்கி. உருளியில் வெண்ணெய் தீர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் படாரென்று கூரை பறந்தது. மேலே மேகத்துக்கு நடுவில் உவரனின் முகம். மழை இறங்கியது.

மாடத்தி யோசிக்கவில்லை. வெண்ணெய் படிந்த தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அந்த உப்புக் கையை வைத்து மூடிக்கொண்டு, மேலே குனிந்து படுத்தாள்.

மழை கொட்டியது. கொற்றவேலின் மேல் விழுந்த ஒவ்வொரு துளியும் சேம்பிலையில் விழுந்தது போல உருண்டு ஓடியது. ஒன்றுகூட ஒட்டவில்லை. அரசர் நனைந்தபடி நின்று பார்த்தார். ஏழு கதவையும் திறந்துகொண்டு அரசி ஓடிவந்தாள். பிறகு எல்லார் கண் முன்னாலும், இளவரசனின் மேனியிலிருந்து வெள்ளைப் படலம் ஒன்று மெல்லிய துணி போல நழுவித் தரையில் விழுந்தது. மணிக்கட்டுக் குழியும் இல்லை, தோள் குழியும் இல்லை. பிறந்த குழந்தையின் தோல் போல இருந்தது. மாடத்தி கையைத் திறந்தாள். உள்ளே இருந்த கை வெதுவெதுப்பாக அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.

முறிந்த மந்திரம் எங்கே போகும்? செய்தவனிடம்தான் போகும். உவரன் தாடி வெளுத்தது, தலை வெளுத்தது. அவனே கூட்டிவந்த மழையில் கரைந்து, தெருவில் ஓடி, கடலில் போய்ச் சேர்ந்தான். நடுக்கடலில் நின்ற மலையும் அன்றே காணாமல் போயிற்று.

மழை விட்டதும் அரசர் சொன்னார், "பெண்ணே, என்ன வேண்டுமோ கேள்."

"உப்பு வாருற ஒவ்வொருத்தருக்கும், பாத்தியில இறங்கும் முன்னால, காலுக்கு இந்த வெண்ணெய் கிடைக்கணும், ராசா. கொழுப்பும் மெழுகும் அரண்மனை தரட்டும். கடையறதை நாங்க பாத்துக்கிறோம்."

"அப்படியே ஆகட்டும். உனக்கென்று?"

மாடத்தி பதில் சொல்வதற்குள் கொற்றவேல் எழுந்தான். மேனி உப்பான பிறகு அவன் வைத்த முதல் அடி அது. தரையில் அவள் நடந்து வந்த தடம் சிவப்பாகக் கிடந்தது. மழையும் அதை முழுதாகக் கழுவவில்லை. அவன் உருளியை எடுத்தான். விளிம்பு தாண்டி வெளிப்புறம் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வழித்துச் சேர்த்தான். அத்தனை மந்திரிகளும் பார்த்திருக்க, அவள் முன்னால் மண்டியிட்டான்.

"வேண்டாங்க ஐயா" என்று அவள் காலை இழுத்தாள்.

"கொஞ்சம் பொறு, அக்கா" என்றான் அவன். வெடித்த அந்தக் குதிகாலைத் தன் புதுக் கையில் ஏந்தி, பிளவு பிளவாக, மெதுவாகப் பூசினான். ஒவ்வொரு வெடிப்பாக மூடியது. மாடத்தி தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வலிக்காமல் இருப்பதை அவள் விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு முறைகூட அறிந்ததில்லை. அப்போதுதான் அவள் அழுதாள்.

அந்தத் துளி இளவரசனின் கையில் விழுந்து, உருண்டு, தரைக்கு ஓடியது.

அதற்குப் பிறகு வெண்பாத்தி நாட்டில் உப்பு விளைந்தது, கிணறு இனித்தது, ஒருவர் காலும் வெடிக்கவில்லை. கேட்டவர்களுக்கும் சொன்னவருக்கும் மேனி குளிரட்டும்.