பேரில்லாத ஏரியல்

ஒரு கடலோர ஊர்ல ஒரு அமலோற்பவம் இருந்தாளாம். ரேடியோ ரிப்பேர் பாக்குறவ. 'ம்' போடு மக்கா, அப்பத்தான் கதை நடக்கும்.

துறைமுகத்துல வேண்டாம்னு கழிச்ச சாமானை மொத்தமா விக்கிறப்போ, அவ ஒரு ஏரியல், அதான் ஆன்டெனா, வாங்குனா. ஏழடி நீளம், வெள்ளைக் குச்சி. பேரு இல்ல, நம்பரு இல்ல. எதுக்கு உள்ளதுன்னு தெரியாம மூலையில சாத்தி வச்சுட்டா.

அப்புறம் அவ தம்பி சூசைராயன் ரெண்டு பேரோட கடலுக்குப் போனான். நாலு நாளாச்சு, ஆளக் காணோம். தேடுனவங்களும் வடக்க சுத்திட்டு வெறுங்கையோட வந்துட்டாங்க. அப்போ அவளுக்குக் கை சும்மா இருக்க மாட்டேங்குது. அந்தக் குச்சிய எடுத்தா.

மொதல்ல ரேடியோவுல மாட்டுனா. கர்ர்ர்ர். அப்புறம் டிவியில மாட்டுனா. புள்ளி புள்ளியா, உஸ்ஸ்ஸ். அப்புறம்தான் நீளத்த அளந்து பாத்து, இது படகு வயர்லெஸுக்கு உள்ளதா இருக்கும்னு நினைச்சா. ரிப்பேருக்கு வந்த ஒரு வயர்லெஸ் செட்டுல திருகி மாட்டுனா. கிர்க்... கிர்க்...

ம்?

ஒரு ஆம்பளக் குரல். மெதுவா.

"மூணு பேரு. கறுப்புப் பாருக்குத் தெக்க. தண்ணி தீந்துருச்சு."

"நீங்க யாரு?"ன்னு கேட்டா. அதே பேச்சு, அதே மெதுவு. மூணு தடவ. அப்புறம் கப்சிப்.

கரைக்கு ஓடுனா. படகுக்காரர் மிக்கேல்பிச்சை நம்பல. கறுப்புப் பாருன்னா கடலுக்குள்ள கெடக்குற பாறை, அங்கருந்து இங்க வரைக்கும் குரல் எட்டாதும்மான்னார்.

"எட்டுச்சு மாமா. படகை எடுங்க."

எடுத்தாங்க. பொழுது சாயுறப்போ, பாருக்குத் தெக்க, கவுந்த படகு மேல மூணு பேரும் உசுரோட கெடந்தாங்க. ஒதடு வெடிச்சு, பேச நாக்கு எழும்பல.

கரைக்கு வந்து தண்ணி குடிச்சப்புறம், யாருடா செட்டுல பேசுனதுன்னு தம்பியக் கேட்டா.

"செட்டா? படகு கவுந்தன்னைக்கே அது கடலுக்குள்ள போயிருச்சேக்கா."

அப்போ பேசுனது யாருன்னு அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியல. ஆனா அந்தக் குச்சிய அவ தூக்கிப் போடல. கூரை மேல நட்டா. தினமும் சாயங்காலம் செட்டுக்கு முன்னால உக்காருவா. உஸ்ஸ்ஸ்னுதான் கேக்கும்.

"யாரா இருந்தாலும் சரி, இங்க ஆள் இருக்கு. சொல்லுங்க"ம்பா.

ம்?

சரி, ம் சத்தமே இல்ல. கதையும் கரையேறிருச்சு, நீயும் கண்ண மூடு மக்கா.