முடிச்சு போட்ட சட்டை

குழந்தைகளே, வருடத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஒரு காட்டில், ஒரு மந்தாரை மரத்தில், தையல்சிட்டு ஒன்று இருந்தது. உங்கள் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். மூக்கு மட்டும் ஊசி போல நீளம்.

தையல்சிட்டுகள் எல்லாமே இலையோடு இலை சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும். இந்தச் சிட்டுக்கு அதோடு மனம் அடங்கவில்லை. மழைக்காலம் வந்தால் அந்தக் காட்டில் நடுங்காத உயிர் கிடையாது. நனைந்து, இருமி, அப்படியே கண்ணை மூடிய குட்டிகள் எத்தனையோ.

"கூடு தைக்கிற மூக்கால் சட்டை தைத்தால் என்ன?" என்று அது நினைத்தது.

முதல் சட்டையை அணிலுக்குத் தைத்துக் கொடுத்தது. மரத்திலிருந்து பறித்த பச்சை இலையில் தைத்த சட்டை அது. பளபளவென்று இருந்தது. அணில் புது மாப்பிள்ளை மாதிரி கிளைக்குக் கிளை தாவிக் காட்டியது. முதல் மழையில் ஒரு துளிகூட உள்ளே இறங்கவில்லை.

அடுத்து காற்று அடித்தது. இலை காய்ந்து சுருங்கியது. தையல் போட்ட ஓட்டைகள் எல்லாம் வாயைப் பிளந்தன. மறுபடி மழை வந்தபோது, காடே பார்த்துக்கொண்டிருக்க, சட்டை துண்டு துண்டாக உதிர்ந்தது.

"மாப்பிள்ளைக்கு வால் மட்டும்தான் மிச்சம்!" என்று காட்டுக்கோழி கொக்கரித்தது.

"அடி ஊசிமூக்கி, அந்தப் பாம்புக்கு ஒரு சட்டை தைத்துக் கொடேன். உரிக்கிற வேலையாவது அவனுக்கு மிச்சமாகும்" என்றது கீரி.

சிட்டு அன்று முழுவதும் இரை எடுக்கவில்லை. ஆனால் மறுநாள் மறுபடி இலை பறிக்கப் போனது.

எத்தனையோ மழைக்காலம் அது பாடுபட்டது. இலையை நிழலில் காயவைத்துப் பார்த்தது. தட்டைக் கல்லுக்கு அடியில் படிய வைத்தது. காய்ந்த இலையை மறுபடி ஊறப்போட்டது. நன்றாகக் காய்ந்து ஊறிய இலைதான் அதற்கு மேல் சுருங்காது என்று கடைசியில் கண்டுகொண்டது. இலவம்பஞ்சைத் திரித்து நூலாக்கி, சிலந்தி இழையைச் சேர்த்து முறுக்கித் தைத்தது.

தைத்து முடித்த உடனே யாருக்கும் கொடுக்காது. பாறை இடுக்கில் ஓயாமல் நீர் சொட்டும் இடம் ஒன்று இருந்தது. அந்தச் சட்டைக்குள் தானே புகுந்துகொண்டு, சொட்டுகிற நீருக்கு அடியில் போய் நிற்கும். தன் இறகில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் போச்சு, சட்டை முழுவதையும் பிரித்துவிடும். ஈரம் படாவிட்டால், புரசம்பூச் சாயத்தில் தோய்த்த நூலால் கழுத்தோரம் ஒரு சிவப்பு முடிச்சுப் போடும். அதற்குப் பிறகுதான் சட்டை வெளியே போகும்.

"இப்படி ஒவ்வொன்றாய் நின்று நனைந்துகொண்டிருந்தால் நீ எப்போது தைப்பாய், எப்போது தின்பாய்?" என்று கேட்டது அணில்.

"போன தடவை நீ நனைந்தாய். இனி நனைவது நானாக இருக்கட்டும்" என்றது சிட்டு.

மெல்ல மெல்லக் காட்டின் பேச்சு மாறியது. மழையில் காட்டுக்கோழியின் குஞ்சுகள் நனையாமல் திரிந்தன. கிழட்டு மிளா மானுக்கு இருமல் நின்றது. கீரி பல்லை இளித்துக்கொண்டு, "என்ன அக்கா, சௌக்கியமா?" என்று வந்து நின்றது. ஊசிமூக்கி எப்போது அக்கா ஆனாள் என்று சிட்டு கேட்கவில்லை. அதற்கும் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தது.

எந்தச் சட்டையைப் பார்த்தாலும் விலங்குகள் கழுத்தோரத்தைத்தான் முதலில் தடவிப் பார்த்தன. சிவப்பு முடிச்சு இருந்தால் வேறு கேள்வியே கிடையாது.

அப்போதுதான் மைனா வந்தது. ஒன்று சொன்னால் ஒன்பதாகத் திருப்பிச் சொல்கிற மைனா.

"அக்கா, மேற்கு மலையில்கூட உன் முடிச்சைத்தான் கேட்கிறார்கள். இந்த மழைக்குக் காடு முழுவதற்கும் சட்டை வேண்டுமாம்" என்றது.

"எனக்கு இருப்பது ஒரே மூக்கு, தம்பி."

"உன் மூக்கை யார் கேட்டது? வேலிப்புதரில் உன் இனம் எத்தனை பேர் சும்மா கத்திக்கொண்டு கிடக்கிறார்கள்! அவர்கள் தைக்கட்டும். நான் காடெல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நீ முடிச்சை மட்டும் போடு."

"இலை காய வேண்டும். ஊற வேண்டும். அப்புறம் நான் பாறைக்கு அடியில் நின்று பார்க்க வேண்டும்."

"நின்றுகொண்டே இரு. ஆற்றங்கரைத் தூக்கணாங்குருவிகள் புல்லில் சட்டை பின்ன ஆரம்பித்துவிட்டார்கள். மழை வருவதற்குள் காடு அவர்கள் பக்கம் போய்விடும். அப்புறம் நீயும் உன் பாறையும்தான்."

அன்று அணில் துண்டு துண்டாய் நின்றதும், காடே சிரித்ததும் சிட்டின் கண் முன்னால் வந்தன. மறுபடி ஒருவரும் இல்லாமல் போய்விட்டால்? இத்தனை வருடப் பாடும் யாருக்கு?

"இந்த ஒரு மழைக்கு மட்டும்" என்றது சிட்டு.

"அதைத்தானே நானும் சொல்கிறேன்!" என்றது மைனா.

வேலிச் சிட்டுகள் பச்சை இலையைப் பறித்த கையோடு தைத்துத் தள்ளின. காய்ந்து சுருங்கிவிடாமல் இருக்க, மைனா அந்தச் சட்டைகளை ஈரப் பாசியில் பொதிந்து வைத்தது. எல்லாம் பளபளவென்று மின்னின. சிட்டு ஒரு கிளையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டது. காலையில் முடிச்சு, மாலையில் முடிச்சு. பாறைப் பக்கம் போகவே நேரம் இல்லை.

இப்படி இருக்கும்போது ஒரு மந்தி வந்தது. அதன் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி தொங்கியது. எலும்பும் தோலுமான குட்டி. அது மூச்சு விடும்போதெல்லாம் கர் கர் என்று சத்தம் கேட்டது.

"தங்கச்சி, போன மழையில் ஒன்றைப் பறிகொடுத்தேன். இதையாவது காப்பாற்ற வேண்டும்" என்றது மந்தி. "எங்கள் கூட்டமெல்லாம் மழைக்கு முன்னால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குகைக்குப் போகிறது. இவன் இருக்கிற இருப்பில் அவ்வளவு தூரம் தாங்குவானோ என்று பயமாக இருக்கிறது. உன் சட்டை கிடைத்தால் நான் இங்கேயே மரத்தில் இருந்துவிடுவேன். நீ என்ன சொல்கிறாய்? இருக்கட்டுமா, போகட்டுமா?"

சிட்டின் முன்னால் சட்டைகள் குவிந்து கிடந்தன. மைனா பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

சிட்டு குவியலின் மேலே இருந்த சின்னச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தது.

மந்தி வழக்கம்போலக் கழுத்தோரத்தைத் தடவிப் பார்த்தது. அப்புறமும் மனம் கேட்கவில்லை.

"நனைத்துப் பார்த்ததுதானே, தங்கச்சி?"

"முடிச்சு இருக்கிறதே, அக்கா" என்றது சிட்டு. சொல்லும்போது மந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அட, என் புத்தி! உன்னைப் போய்க் கேட்டேன் பார்" என்று மந்தி சிரித்தது. குட்டிக்குச் சட்டையை மாட்டியது. "பாருங்கள், ராசா மாதிரி இல்லை?"

குரங்குக் கூட்டம் புறப்பட்டது. "வருகிறாயா, இல்லையா?" என்று தலைவன் குரங்கு மந்தியைக் கேட்டது. "எல்லோரும் ஆளுக்குக் கொஞ்ச தூரம் தூக்குகிறோம். வா."

"முடிச்சுச் சட்டை போட்ட பிள்ளைக்குக் குகை எதற்கு? நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்றது மந்தி.

கூட்டம் மலையேறி மறைந்தது.

முதல் மழை வந்தது. காடெங்கும் சட்டைகள் மினுமினுத்தன. ஒருவரும் நனையவில்லை. "பார்த்தாயா அக்கா? பார்த்தாயா?" என்று மைனா கூவிக்கொண்டு பறந்தது.

மழை விட்டது. பிறகு காற்று அடிக்க ஆரம்பித்தது.

வறண்ட காற்று. சிட்டு மந்தாரைக் கிளையில் உட்கார்ந்தபடி அந்தக் காற்றைக் கேட்டது. ஒவ்வொரு சட்டையிலும் ஒவ்வொரு ஓட்டையும் இந்நேரம் எப்படி விரியும் என்று காட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அதற்குத் தெரியும்.

"நான் போய்ச் சொல்லிவிடுகிறேன்" என்று சிறகை விரித்தது.

"என்னவென்று சொல்வாய்?" என்றது மைனா. "நான் பார்க்காமல் முடிச்சுப் போட்டேன் என்றா? சொல்லிப் பார். ஒரு சட்டையா திரும்பி வரும்? எல்லாம் வரும். அப்புறம் உன் முடிச்சைக் கண்டால் எறும்புகூடச் சிரிக்கும். சும்மா இரு அக்கா. இந்த வருடம் பெரிய மழை இல்லை என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள்."

சிட்டு பாதி தூரம் பறந்தது. மந்தி இருந்த மரத்தின் உச்சி அங்கிருந்து தெரிந்தது. குகைக்குப் போகும் வழி அப்போதும் காய்ந்துதான் கிடந்தது. புறப்பட்டால் போய்ச் சேர்ந்துவிடலாம்.

சிட்டு ஒரு கிளையில் உட்கார்ந்து யோசித்தது. பிறகு கூட்டுக்குத் திரும்பிவிட்டது.

மந்தியும் சட்டையின் ஓரம் சுருள்வதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தது, விரலால் நீவிவிட்டது. கழுத்தோரம் சிவப்பு முடிச்சு இறுக்கமாக இருந்தது. "அவள் போட்ட முடிச்சு" என்று சொல்லிக் குட்டியை அணைத்துக்கொண்டது.

அடுத்து வந்ததுதான் பெரிய மழை.

பகலே இருட்டிப்போனது. ஓடைகள் கரையை மீறின. குகைக்குப் போகும் வழி வெள்ளத்தில் மூழ்கியது. காட்டுக்கோழி ஓட ஓட, அந்த வருடக் குஞ்சுகளின் சட்டைகள் நாலா பக்கமும் சிதறின. தாய் எப்படியோ அவற்றைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. கீரி வளைக்குள் பாய்ந்தது. அணில் பொந்துக்குள் ஒடுங்கியது. ஆளுக்கொரு இடம் இருந்தது. மந்திக்கு மட்டும் ஒரு மரமும், குட்டி மேலிருந்து உதிர்ந்துகொண்டிருந்த இலைகளும்தான் இருந்தன.

அது தன் உடம்பை வளைத்துக் குட்டிக்குக் கூரையாகக் குனிந்தது. மழை விடும் வரை அப்படியே இருந்தது.

வெயில் வந்ததும் மைனாவைக் காணோம். ஆற்றங்கரைப் பக்கம் அதன் குரல் கேட்டது. "புல் சட்டை! புதுப் புல் சட்டை! கிழியாத சட்டை!"

கிழிந்த சட்டையைக் கொண்டுவந்து எறிந்து, நாலு வார்த்தை திட்டுவார்கள் என்று சிட்டு காத்திருந்தது. ஒருவரும் வரவில்லை. மரத்தைக் கடந்து போனவர்கள்கூட மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. அணில் மட்டும் ஒரு நிமிடம் நின்றது.

"நீ நனைவதாகத்தானே சொன்னாய்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டது.

பிறகு மந்தி வந்தது.

சிட்டு முதலில் குட்டியைத்தான் பார்த்தது. அது தாயின் வயிற்றைக் கட்டிப் பிடித்திருக்கவில்லை. தாய்தான் அதை ஒரு கையால் இடுக்கிக்கொண்டிருந்தது. தலை பின்னால் தொங்கியது. கர் கர் என்ற சத்தம் இல்லை. கழுத்தில் ஒரு துண்டு இலையும், அவிழாத சிவப்பு முடிச்சும் இருந்தன.

"தங்கச்சி, நீ கொடுத்த சட்டை கிழிந்துபோய்விட்டது" என்றது மந்தி. "உன்னைக் குறை சொல்லவில்லை. மழை அப்படி. இவன்தான் ரொம்ப நனைந்துவிட்டான். எவ்வளவு நேரம் வெயிலில் வைத்திருந்தாலும் உடம்பு சூடாகவே மாட்டேன் என்கிறது."

சிட்டு அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இருமல் நின்றுவிட்டது, அந்த மட்டில் நிம்மதி" என்று மந்தி குட்டியின் ஈர மயிரைக் கோதிவிட்டது. "இன்னொரு சட்டை தைத்துக் கொடு. அவசரம் இல்லை. உன் வழக்கப்படி நிதானமாகவே தை. நான் இங்கேயே இருக்கிறேன்."

"அக்கா..." என்றது சிட்டு.

"மெல்லப் பேசு. தூங்குகிறான்."

மந்தி மரத்தடியில் உட்கார்ந்து, குட்டியை மடியில் கிடத்தி, ஈ மொய்க்காமல் கையால் விரட்டிக்கொண்டிருந்தது.

சிட்டு வெகுநேரம் கிளையிலேயே இருந்தது. கடைசியில் கீழே இறங்கி வந்து, அந்தக் குளிர்ந்த உடம்புக்கு அளவெடுத்தது.

நீதி: நீ சோதித்துப் பார்க்காத பொருளுக்கு உன் பெயரைக் கொடுக்காதே, உன் பெயரை நம்பித்தான் பிறர் தங்களுக்கு இருந்த மற்ற வழியை விட்டுவிடுகிறார்கள்.