மாநிலத்தின் நடுவில் ஒரு சம்படம்

ஒரு வீட்டுக்கு ஒரு நடுவீடுதான் இருக்கும். மாநிலத்துக்கோ மூன்று நடு. மூன்று ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு கல்லை வைத்துக்கொண்டு, "இதுதான் நட்டநடு" என்று சத்தியம் பண்ணினார்கள். ஊசிப்பாறைக்காரர்கள் கடலில் கிடக்கும் தீவுகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். சுண்ணாம்புக்காட்டுக்காரர்கள் தீவுகளை விட்டுவிட்டார்கள். இலந்தைக்குட்டையில் இருந்த கல்லை இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு சர்வேயரே வந்து நட்டார். அதனால் அந்த ஊருக்குக் கொஞ்சம் திமிர் அதிகம்.

அந்த சர்வேயர்தான் இந்தக் கதையில் சீடர். பெயர் ரத்தினசபாபதி, வயது அறுபத்து நான்கு. குருவுக்கு நாற்பத்தொன்று. எஸ்தர் மலர்விழி, பூகோள டீச்சர்.

டீச்சருக்கு ஜியோகேச்சிங் பித்து. யாரோ ஒரு டப்பாவை எங்கோ ஒளித்து வைத்துவிட்டு இணையத்தில் குறிப்புப் போடுவார்கள். செல்போனைப் பார்த்துக்கொண்டே தேடிப் போக வேண்டும். டப்பாவுக்குள் ஒரு நோட்டு இருக்கும். அதில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். பரிசும் கிடையாது, பாராட்டும் கிடையாது.

ரத்தினசபாபதியின் ஒரே மகன் பரிதி இந்த டீச்சரிடம்தான் அதைக் கற்றான். "வேலைவெட்டி இல்லாதவனுங்க பண்ற காரியம்" என்று அப்பா திட்டாத நாளில்லை. போன ஐப்பசியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் பிணமாகத்தான் வீட்டுக்கு வந்தான். இருபத்தொன்பது வயது.

போவதற்குப் பத்து நாள் முன்னால் அவன் ஒரு டப்பா ஒளித்து வைத்திருந்தான். குறிப்பு இவ்வளவுதான்: "மாநிலத்தின் நடுவில் வைத்திருக்கிறேன். எது நடு என்று ஊரெல்லாம் அடித்துக்கொள்கிறது. எனக்குச் சந்தேகமே இல்லை."

கருமாதி முடிந்த மறுவாரம் அப்பா டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எனக்கும் இதைக் கத்துக்கொடுங்க டீச்சர்."

"எதுக்கு சார்?"

"அந்த நோட்டுல அவன் ஏதாச்சும் எழுதியிருப்பான்."

டீச்சர் செல்போனை எடுத்துக் காட்டினார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஊசிப்பாறைக்குப் போனார்கள். கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சாமியாகவே ஆக்கியிருந்தார்கள். சுற்றிச் சுற்றித் தேடியும் டப்பா இல்லை. அடுத்த ஞாயிறு சுண்ணாம்புக்காடு. அங்கே கல்மேல் ஒருவர் வேட்டியைக் காயப் போட்டிருந்தார். "நல்லாத் தேடுங்க. கிடைக்காட்டியும் நடு இதுதான், ஆமா" என்றார். அங்கேயும் இல்லை.

"அடுத்த வாரம் இலந்தைக்குட்டை" என்றார் டீச்சர்.

"அது வேண்டாம் டீச்சர். நானே கணக்குப் போட்டுட்டேன்."

அவர் போட்ட கணக்கு இலந்தைக்குட்டைக்குத் தெற்கே, ஓடை தாண்டி, சீமைக்கருவேலங்காட்டுக்குள் கொண்டுபோய் விட்டது. நாலு ஞாயிறு அங்கேயே கிடந்தார்கள். முள் கிழித்துக் கையெல்லாம் ரத்தம். ஐந்தாவது ஞாயிறு அவர் கடப்பாரை கொண்டுவந்து மண்ணைக் குத்திப் பார்த்தார். உச்சிவெயிலில் கடப்பாரையைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்தார்.

"சத்தியமா இதுதான் நடு. அப்புறம் ஏன் இங்க இல்ல?"

"இன்னும் ஒரு கல்லு பாக்கி இருக்கு சார்."

"அது பொய்க்கல்லு."

"நீங்க நட்டதுதானே?"

"அதனாலதான் சொல்றேன்."

டீச்சர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் கொடுத்தார். அவர் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"அன்னைக்கு ஓடையில தண்ணி. கல்லைச் சுமந்துட்டு வந்த நாலு பேரும் தாண்ட மாட்டோம்னு உக்காந்துட்டாங்க. பொழுதும் சாஞ்சு போச்சு. ரோட்டோரமா நட்டுட்டு, இங்க நட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். ஒண்ணேகால் கிலோமீட்டர் பொய்."

"யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"பரிதிக்கு?"

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"நாலாப்பு படிச்சுக்கிட்டிருந்தான். ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போய் அந்தக் கல்லு மேல நிக்க வச்சேன். 'டேய், நீ இப்ப மாநிலத்துக்கே நடுவுல நிக்கிறடா'ன்னேன். இறங்கவே மாட்டேன்னுட்டான்."

டீச்சர் எழுந்து நடந்தார்.

"அவன் விவரம் தெரிஞ்சவன் டீச்சர். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்திருப்பான். அந்தக் கல்லை நம்பியிருக்க மாட்டான்."

"வாங்க சார்."

ரோட்டோரத்தில் கல் லேசாகச் சாய்ந்து நின்றது. அதன் பின்னால் நாலைந்து செங்கல் துண்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்தார். உள்ளே ஒரு எவர்சில்வர் சம்படம். மூடியில் 'கோமளவல்லி' என்று பெயர் வெட்டியிருந்தது.

"என் பொண்டாட்டி பேரு," என்றார் ரத்தினசபாபதி. "எங்க கல்யாணத்துக்கு வந்த சம்படம். ஐப்பசியிலேருந்து வீடெல்லாம் இதைத் தேடிக்கிட்டிருக்கா."

அவருக்கு மூடியைத் திறக்க வரவில்லை. டீச்சர்தான் திறந்து நோட்டை நீட்டினார். முதல் பக்கத்தில் பரிதி எழுதியிருந்தான்:

"இது எங்கப்பா அளந்து நட்ட கல். நான் நாலாப்பு படிக்கும்போது இதுமேல நின்றிருக்கிறேன். கம்ப்யூட்டரில் போட்டால் நடு ஒண்ணேகால் கிலோமீட்டர் தள்ளிக் காட்டுகிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். கம்ப்யூட்டர்தான் தப்பு."

அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு கல்லில் தலையைச் சாய்த்து, "அடப்பாவி, என்னைப் போய் நம்பிட்டியேடா" என்று வாய்விட்டு அழுதார். பஸ் ஒன்று போயிற்று. ஜன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வெகுநேரம் கழித்து அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவன் உசிரோட இருந்தப்ப ஒரு நாள் சொல்லியிருக்கலாம் டீச்சர். நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னே இருந்துட்டேன்."

"ம்."

"இதை ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வச்சிடலாம். நிஜ நடுவுல. நடுவுல வச்சிருக்கேன்னு அவன் எழுதினதாவது பொய்யாகாம இருக்கட்டும்."

டீச்சர் பேனாவை நீட்டினார்.

"முதல்ல கையெழுத்துப் போடுங்க சார். கண்டுபிடிச்சவங்க போடணும்."

மகன் எழுத்துக்குக் கீழே தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார். இருபது வருஷத்துக்கு முன்னால் பொய்யாக எழுதிக் கொடுத்தபோது போட்ட அதே கையெழுத்து.

டீச்சர் நோட்டை உள்ளே வைத்து மூடினார். சம்படத்தைக் கல்லுக்குப் பின்னால் வைத்து, செங்கல் துண்டுகளை இருந்தபடியே அடுக்க ஆரம்பித்தார்.

"இடமே தப்பு டீச்சர்," என்றார் அவர்.

டீச்சர் கடைசித் துண்டை வைத்தார்.

"கல்லுதான் சார் தப்பான இடத்துல இருக்கு. சம்படம் சரியான இடத்துலதான் இருக்கு."