ஏலக்காய் சுமந்த வண்டி

முன்னொரு காலத்தில் மலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த மஞ்சாடி நாட்டை உதயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவருக்குக் கோபம் வந்தால் அரண்மனைத் தூணே நடுங்கும். பாயசம் வந்தால் அந்தக் கோபம் போன இடம் தெரியாது.

அந்த நாட்டில் காத்தாயி என்ற வண்டிக்காரி இருந்தாள். புருஷன் போனபின் அவளுக்கு மிஞ்சியது ஒரு தேக்கு வண்டியும் இரண்டு மாடுகளும்தான். தவிடு ஏற்ற வேண்டும் என்று ஒரு வியாபாரி வண்டியை வாடகைக்கு எடுத்தான். தவிட்டு மூட்டைக்குள் ஏலக்காயை ஒளித்து, சுங்கம் கட்டாமல் கடத்தப் பார்த்தான். சாவடியில் பிடிபட்டதும் ஆற்றில் குதித்து ஓடிவிட்டான். குதிக்கத் தெரியாத வண்டி மாட்டிக்கொண்டது.

சுங்க அதிகாரி சிங்காரப்பர் மாடுகளை அவிழ்த்துக் கொடுத்தார். வண்டியை மட்டும் விடவில்லை. அவர் மனைவி திருவிழாவுக்குப் போய்வர அது வாகாக இருந்தது.

வண்டி இல்லாமல் வெறும் மாட்டை வைத்துக்கொண்டு உலை கொதிக்குமா? காத்தாயி நேரே அரசவைக்கே போய் நின்றாள். ராஜா அப்போதுதான் இரண்டாம் கிண்ணம் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

“மகாராசா, மூட்டைக்குள்ள ஏலக்கா இருந்தது சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. என் வண்டியைக் குடுக்கச் சொல்லுங்க.”

சிங்காரப்பர் துள்ளி எழுந்தார். “தெரியுமா தெரியாதா என்பதெல்லாம் சட்டத்தில் இல்லை, பிரபு! சுங்கம் கட்டாத சரக்கை எது சுமக்கிறதோ, அது அரசுடைமை!”

“சபாஷ்! சட்டம் என்றால் சட்டம்தான்,” என்று ராஜா மீசையைத் துடைத்தார். ஏலக்காய் மணம் காத்தாயியின் மூக்குவரை வந்தது. விடுவாளா அவள்?

“ஐயா, அந்த ஏலக்காக்கு அப்புறம் யாராச்சும் சுங்கம் கட்டினாங்களா?”

“அவன்தான் ஓடிவிட்டானே! யார் கட்டுவார்?”

“அப்ப அது இன்னும் சுங்கம் கட்டாத சரக்குதான். இப்ப எங்க இருக்குது?”

சிங்காரப்பர் நெஞ்சை நிமிர்த்தினார். “முதல்தரச் சரக்கு, வீணாக விடுவேனா? அரண்மனைச் சமையலுக்கு நானே கொடுத்தேன். இன்றைய பாயசத்தின் மணமெல்லாம் அடியேன் கைங்கரியம்!”

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

காத்தாயி ராஜாவின் வயிற்றைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். “கிளம்பலாங்களா, மகாராசா? பிடிச்ச சாமானெல்லாம் சுங்க ஐயா வீட்டு வாசல்லதான் நிக்குது. உங்களுக்கும் இடம் இருக்கும்.”

ராஜாவின் கிண்ணம் தரையில் உருண்டது. “என்ன துணிச்சல்! இதில் கடத்தல் ஏலக்காய் இருப்பது எனக்கு எப்படியம்மா தெரியும்?”

“எனக்கு மட்டும் எப்படிங்க தெரியும்?”

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “இவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லாம் தெரிந்தே சுமந்து வந்தவர் நீர் ஒருவர்தான், சிங்காரப்பரே! இனி அறியாதவர் வண்டியை எவரும் தொடக்கூடாது. இரண்டு மூட்டை நெல்லும் ஏற்றி, இவள் வண்டியை இப்போதே வீட்டில் கொண்டுபோய் விடும்!”

“மாடு இல்லையே, பிரபு?”

ராஜா அவரை மேலும் கீழும் பார்த்தார். “தோள் இருக்கிறதல்லவா?”

அன்று சாயங்காலம் சாவடிக் காவலன் வழக்கம்போல வண்டியை மறித்தான். நுகத்தடியில் வியர்த்து வழிந்த முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு நாக்கு குழறியது. “வ… வண்டி யாருது?”

“வண்டி என்னுது,” என்றாள் நெல் மூட்டைமேல் சாய்ந்திருந்த காத்தாயி. “மாடு மட்டும் அரண்மனையோடது.”