கடிகாரச் சலுகை

"மூணு தடவை அனுப்பிட்டேன். மூணு தடவையும் ஒரு வார்த்தை எழுதாம திருப்பிட்டீங்க. என்ன குறை, குருவே?"

கேட்டவர் சங்கரபாண்டியன், வயது நாற்பத்தாறு. கேட்கப்பட்டவர் ஜெசிந்தா, முப்பத்தொன்று.

மதுரையில் இருந்த அந்தச் சிறிய அலுவலகத்தில், ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்து ஒப்புதல் தராமல் சர்வரில் ஏற்றக் கூடாது. படிப்பவர்களில் ஜெசிந்தா மிகக் குறைவாகப் பேசுவார். அதனால் குரு. ஞானத்துக்கு அங்கே வேறு தகுதி கேட்கப்படவில்லை.

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"லீப் வருஷத்தை விட்டுட்டீங்க சார்."

சங்கரபாண்டியன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

அவர்கள் நடத்தியது, செய்தி அனுப்பவும் அழைத்துப் பேசவும் ஒரு செயலி. கடவுச்சொல்லைத் தந்து உள்ளே வருபவருக்கு சர்வர் ஒரு டோக்கன் கொடுக்கும். இவர் இன்னார், இந்த நாள் வரை செல்லும் என்று அதில் இருக்கும், கீழே கையெழுத்து. பிறகு முப்பது நாளைக்குக் கடவுச்சொல் தேவையில்லை. போன் டோக்கனைக் காட்டும். சர்வர் கையெழுத்தையும் நாளையும் சரிபார்த்து உள்ளே விடும்.

உலகத்துக் கடிகாரங்கள் ஒத்துப்போவதில்லை. அதனால் நாள் முடிந்த பிறகும் கொஞ்சம் சலுகை விடுவது வழக்கம். அறுபது விநாடி.

சங்கரபாண்டியனின் நிரலில் அது ஒன்பது கோடியே நாற்பத்தாறு லட்சத்து எட்டாயிரம் விநாடி.

அலுவலகத்தில் மூன்றே பேர் இருந்த காலத்தில் எழுதியது. படித்துப் பார்க்க அன்று ஆள் இல்லை. விநாடிகளாக எழுதினால் வருடங்கள் எளிதில் ஒளிந்துகொள்ளும். இப்போது அதைப் பன்னிரண்டு கோடிக்கு மேல் உயர்த்தக் கேட்டிருந்தார்.

"மூணு வருஷத்தை நாலாக்குறீங்க," என்றார் ஜெசிந்தா. "எந்தக் கடிகாரம் சார் மூணு வருஷம் பின்னாடி ஓடுது?"

சங்கரபாண்டியன் தன் போனை எடுத்து மேசையில் வைத்தார். பிறகுதான் பேசினார்.

மனைவி பூங்கோதை இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்றார். அவளுடைய போன் ராஜபாளையத்தில் அவள் அம்மாவிடம் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அந்த அம்மாள் அதைச் சார்ஜில் போடுவார் போலிருக்கிறது. அப்போது இந்தப் போனில் பூங்கோதையின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். கால் மணி நேரம் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே அவர் காபி குடிப்பார்.

வியாழக்கிழமையோடு சலுகை தீர்கிறது. பிறகு அந்தப் போன் கடவுச்சொல் கேட்கும். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஒரு புள்ளி. யாருக்கு என்ன நஷ்டம்?"

தொலைந்த போன், திருட்டுப் போன், விற்ற போன் எல்லாவற்றுக்கும் இந்தச் சலுகை கதவைத் திறந்துவிடும் என்று ஜெசிந்தா சொல்லவில்லை. புதிதாகச் சேருபவர்களுக்கு அந்தப் பாடத்தை எடுப்பவரே சங்கரபாண்டியன்தான்.

ஜெசிந்தா பூங்கோதையின் டோக்கனைத் திரையில் விரித்தார்.

"வாசிங்க."

சங்கரபாண்டியன் பெயரை வாசித்தார். காலாவதி நாளை வாசித்தார். அடியில் எழுத்தும் எண்ணும் குழம்பிய ஒரு நீண்ட வரி.

"கையெழுத்து சரியா இருக்கா?"

"அச்சு அசலா இருக்கு."

"யார் கையெழுத்து?"

சர்வருடையது என்று சொல்ல வாயெடுத்தார். சர்வர் கையெழுத்திடும் ரகசியச் சாவியை முதல் வருடத்தில் உருவாக்கி வைத்தது யார் என்பது நினைவுக்கு வந்தது.

"நான் போட்டது."

"அவங்க போட்டது இதுல எங்க இருக்கு?"

தேடினார். பெயர் இருந்தது. அதையும் சர்வர்தான் எழுதியிருந்தது.

"அப்ப தினமும் ஏழு மணிக்கு இதைக் கொண்டுவந்து காட்டுறது யாரு சார்?"

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு சங்கரபாண்டியன் ராஜபாளையம் போனதில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் முதலில் பேசாமல் இருந்தார். இத்தனை நாள் பேசவில்லையே என்று பிறகு பேச முடியாமல் போயிற்று.

நான்காவது முறை அனுப்பியபோது அந்த இடத்தில் அறுபது என்று இருந்தது.

ஜெசிந்தா ஒப்புதல் தந்தார். அந்த அலுவலகத்தில் மாற்றங்களை அன்று மாலையே ஏற்றிவிடுவார்கள். இதன் கீழே மட்டும், நாளைக் காலை எட்டு மணிக்கு ஏற்றவும் என்று எழுதியிருந்தார்.

மறுநாள் ஏழு மணிக்குப் புள்ளி எரிந்தது.

சங்கரபாண்டியன் காபியைக் கீழே வைத்தார். மூன்று வருடங்களில் முதல்முறையாக அந்தப் பெயரைத் தொட்டு அழைத்தார்.

வெகுநேரம் மணி அடித்தது.

"யாரு?"



"நான்தான் அத்தை. சங்கரபாண்டி."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம்.

"நல்லாருக்கீங்களா மாப்பிள்ளை?" என்றது குரல். "ஏழு மணியானா இதுல உங்க பேருக்குப் பக்கத்துல பச்சையா ஒண்ணு எரியும். அதைப் பாக்கத்தான் தெனமும் சார்ஜ் போடுறேன்."