சீழ்க்கையும் வால்தட்டும்

முன்னொரு காலத்திலே, மேகம் மறந்துபோன ஒரு காட்டிலே, குளக்கரைப் பொந்துகளில் துடுமிகள் என்ற பிராணிகள் வாழ்ந்தன. முயலளவு உடம்பு. கூரான மூக்கு. உலக்கைபோல் கனத்த வால். இப்போது எந்தக் காட்டிலும் அவை இல்லை.

பக்கத்தில் இருப்பவரோடு கொஞ்சவும் சண்டை போடவும் துடுமிகளுக்கு வாய்ப்பேச்சு போதும். ஆனால் கூட்டத்துக்கே சேதி சொல்வதற்கு வேறு மொழி. அது மூக்கில் பாதி, வாலில் பாதி. குட்டைச் சீழ்க்கை என்றால் தண்ணீர். நெட்டைச் சீழ்க்கை என்றால் பழம். நடுங்குகிற சீழ்க்கை என்றால் பகை. ஒவ்வொரு துடுமியின் பெயருக்கும் தனிச் சீழ்க்கை உண்டு. சீழ்க்கைக்குப் பின் தரையில் வாலால் ஒரு தட்டு தட்டினால் ‘இருக்கிறது’. இரண்டு தட்டினால் ‘இல்லை’.

இதில் ஒரு கட்டுப்பாடும் இருந்தது. சீழ்க்கை அடித்தவர் வாலைத் தட்டக்கூடாது. வேறொருவர் போய், கண்ணால் பார்த்துவிட்டு வந்து தட்ட வேண்டும். அப்போதுதான் அது சேதி. இரண்டையும் ஒருவரே செய்தால் குட்டிகளின் விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

அந்தக் கூட்டத்தில் சீழ்க்கைக்குக் குழலான். அவன் மூக்கைத் தூக்கினால் காற்றும் நின்று கேட்கும். தட்டுவதற்கு அவன் மனைவி செம்பியின் அண்ணன் தொம்மன். தொம்மனுக்குச் சீழ்க்கை வராது. நடையும் ஆமை நடை. ஆனால் பார்க்காததற்கு அவன் வால் எழுந்ததே இல்லை.

ஒருநாள் குழலான் பாறைமேல் ஏறி நெட்டைச் சீழ்க்கை அடித்தான். நாவல் பழம்! தொம்மன் பார்க்கப் போனான். போனான், போனான், போய்க்கொண்டே இருந்தான். திரும்பி வந்து இரண்டு தட்டுத் தட்டினான்.

“என்ன மச்சான், இல்லைங்கிறீர்?”

“நான் போய்ச் சேர்ந்தப்போ குரங்குகள் கையைத் துடைச்சிட்டு இருந்துச்சு மாப்பிள்ளே!”

“நீர் போற வேகத்துக்குப் பூப் பூக்கும்போதே கிளம்பியிருக்கணும்!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தன் சீழ்க்கை வீணாய்ப் போனதில் குழலானுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கிளையில் இருந்த மைனா அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

“அடேய் அரை நாக்குக்காரா! நான் ஒருத்தியே கூவுறேன், ஒருத்தியே முடிக்கிறேன். நீ பேசறதுக்கு இன்னொருத்தன் வாலா?”

அந்தச் சொல் குழலானுக்கு முள்ளாய்த் தைத்தது.

மறுநாள் அவனே சீழ்க்கை அடித்தான். அவனே வாலைத் தட்டினான். குட்டிகள் கைகொட்டிச் சிரித்தன. பசித்த சிலர் மட்டும் ஓடினார்கள். அங்கே நிஜமாகவே பழம் இருந்தது! அடுத்த முறையும் இருந்தது. அப்புறம் அவன் தட்டுக்காகவே எல்லாரும் காத்திருந்தார்கள். தொம்மனை யாரும் கூப்பிடவில்லை.

கோடை முற்றியது. குளம் சேறாகி, சேறு வெடித்து ஓடாகிவிட்டது. மைனா பறந்துபோய்விட்டாள். சிறகிருப்பவளுக்கு என்ன கவலை!

அன்று உச்சிவெயில். குழலான் பாறைமேல் நின்று மேற்கே பார்த்தான். களர்நிலத்துக்கு நடுவே பளபளவென்று ஒன்று அசைந்தது. அவன் மூக்கு தானாக எழுந்தது. குட்டைச் சீழ்க்கை. வால் இறங்கியது. ஒரு தட்டு.

தண்ணீர் இருக்கிறது!

கூட்டம் துள்ளி எழுந்தது. தொம்மன் குறுக்கே வந்து நின்றான்.

“பொறு மாப்பிள்ளே. பார்த்துட்டு வந்துடறேன்.”

“நீர் பார்த்துட்டு வர்றதுக்குள்ள குட்டியெல்லாம் கருவாடாயிடும். வழியை விடும் மச்சான்!”

செம்பி தங்கள் குட்டியைக் கவ்வியபடி வந்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு மெல்லக் கேட்டாள். “அண்ணன் ஒருதரம் பார்த்துட்டு வரட்டுமே?”

“என் சொல் உனக்குப் போதாதா செம்பி?”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். குட்டியைக் கவ்விக்கொண்டாள்.

“பார்க்காத தண்ணிக்கு என் கால் வராது,” என்றான் தொம்மன். “தங்கச்சி, வெயில்ல குட்டியை உன் நிழல்லயே வச்சுக்கோ.”

கூட்டம் நடந்தது. பளபளப்பும் நடந்தது. இவர்கள் கிட்டே போகப் போக அது எட்டப் போனது. குழலான் ஓடினான். மூச்சிரைக்க நின்று காலடியைப் பார்த்தான். வெடித்த மண். அதன்மேல் நெளிகிற வெயில். கானல்!

அவன் இரண்டு தட்டுத் தட்டியிருக்க வேண்டும். வால் எழவில்லை.

திரும்பும் வழியில் செம்பி ஒரு கிழங்கைத் தோண்டி, மென்று, வந்த சாற்றையெல்லாம் குட்டியின் வாயில் விட்டாள். தனக்கென்று ஒரு சொட்டும் வைத்துக்கொள்ளவில்லை. பொந்துகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மடங்கி உட்கார்ந்தாள்.

“குட்டியை வாங்கிக்கோங்க. நான் கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு வர்றேன்.”

அதற்குமேல் அவள் பேசவில்லை.

குழலான் குட்டியோடு அவள் பக்கத்தில் நின்றான். அப்போது அவன் பாதத்தின் கீழே மண் அதிர்ந்தது. ஒரு தட்டு. நெடுநேரம் விட்டு, மறுபடியும் ஒற்றைத் தட்டு. குளத்துப் பக்கமிருந்து வந்தது.

“என்ன இருக்காம்? சீழ்க்கையே இல்லாமத் தட்டறானே!” என்றது ஒரு துடுமி.

“வெயில் மண்டையில ஏறிடுச்சு, பாவம்,” என்றது இன்னொன்று. “தட்டை நம்பி நடந்ததெல்லாம் போதும்!”

யாரும் அசையவில்லை. அதிர்வு வலுவிழந்துகொண்டே வந்தது. குட்டியின் நாக்கு வெளியே தொங்கியது. தொம்மன் பார்க்காததைத் தட்டமாட்டான். குழலானுக்கு அது தெரியும். ஆனாலும் இந்தமுறை அவன் வெறுமனே மூக்கைத் தூக்கவில்லை. குட்டியைச் செம்பியின் நிழலில் கிடத்திவிட்டு ஓடினான்.

குளத்தின் நடுவே ஒரு குழி. அதற்குள் தொம்மன், நகமெல்லாம் பெயர்ந்து ரத்தமாய்க் கிடந்தான். குழியின் அடியில் கையகலம் ஊற்று. குழலான் மூக்கைத் தோய்த்துப் பார்த்தான். குளிர்ந்தது. கரையேறி நின்று குட்டைச் சீழ்க்கை அடித்தான். குழிக்குள்ளிருந்து ஒரு தட்டு விழுந்தது.

இரண்டு பேர் சேர்ந்து சொன்ன சேதி! துடுமிகள் எழுந்து, குட்டியையும் கவ்விக்கொண்டு ஓடிவந்தன. குட்டி குடித்தது. கண் திறந்தது. எல்லாரும் குடித்தார்கள்.

“என் தங்கச்சி எங்கே?” என்றான் தொம்மன்.

குழலான் முன்னால் நடந்தான். தொம்மன் நொண்டிக்கொண்டே பின்னால் போனான்.

செம்பி உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்திருந்தாள். குழலான் மூக்கைத் தூக்கி அவள் பெயரைச் சீழ்க்கையடித்தான். ஏறி, தயங்கி, மெல்ல இறங்குகிற சீழ்க்கை அது. அடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மீதிப் பாதியை அவனால் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது.

தொம்மன் குனிந்து தங்கையின் மூக்கோடு தன் மூக்கை வைத்தான். வெகுநேரம் வைத்திருந்தான். அவசரப்பட்டுத் தட்டுகிறவன் இல்லையே அவன்! பிறகு வாலைத் தூக்கினான். ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

குளக்கரையில் இருந்த துடுமிகளுக்குக் கேட்டது. எல்லாம் தலை குனிந்து, ஒவ்வொன்றாய்ப் பொந்துக்குள் போயின.

“குட்டி தேடும் மாப்பிள்ளே, போ,” என்றான் தொம்மன். குழலான் போனான். செம்பியைக் காய்ந்த இலைகளால் மூடிவிட்டு, கடைசியாகத் தொம்மனும் தன் ஆமை நடையில் நடந்துபோனான்.

தன் கண் ஒன்றே போதும் என்று ஊரை நடத்துகிறவன், தன்னை அதிகம் நம்பியவரையே முதலில் இழப்பான்.