பவளம் தலையாட்டிய மூன்று வாரம்

சிமெண்டுப் பாதையில் நாலு குளம்பும் டொக், டொக் என்று பிசகாமல் விழுந்த ஓசை, பல வருடங்களுக்குப் பிறகும் பிச்சைமணியின் காதில் இருந்தது.

அப்போது அவருக்கு ஐம்பத்துமூன்று வயது. கால்நடை ஆய்வாளர். மாட்டின் நடையைக் காமிராவில் பிடித்து நொண்டலைக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்காகக் கல்லூரிப் பண்ணைக்கு வந்திருந்தார். கற்றுக்கொடுத்த டாக்டர் மெஹருன்னிசாவுக்கு முப்பத்திரண்டு.

பண்ணையில் பவளம் என்றொரு சிவப்புப் பசு. குளம்பில் வந்த புண் ஆறிவிட்டது. எக்ஸ்ரேயிலும் குறையில்லை. ஆனால் பிச்சைமணி பாதையோரம் காமிராவை நிறுத்திவைத்து எடுத்த படத்தில், நடக்கும்போது தலை தாழ்ந்து தாழ்ந்து எழுந்தது. கால் வலிக்கிற மாடு அப்படித்தான் நடக்கும். மூன்று வாரமாக மாற்றமில்லை. வெள்ளிக்கிழமையும் தலை ஆடினால் பவளத்தைக் கறிக்கு ஏலம் விட்டுவிடுவார்கள்.

வியாழக்கிழமை காலை அவர் கேட்டார்: "மேடம், காதுக்கு நல்லா நடக்குது. படத்துல நொண்டுது. எதை நம்புறது?"

"படத்தைப் போடுங்கண்ணே."

போட்டார். திரையில் பசு மட்டும் நடந்தது.

"கயிறு பிடிச்சவர் எங்கே?"

"நான்தான் பிடிச்சேன். அறிக்கைக்கு மாடு போதுமேன்னு என்னை வெட்டிட்டேன்."

"வெட்டாததைப் போடுங்க."

அவர் தயங்கினார். "காளை உதைச்ச முட்டி மேடம். என் நடையை நானே பார்க்க மாட்டேன். கண்றாவியா இருக்கும்."

"சினிமாவுக்கா எடுத்தோம்? போடுங்க."

முழுப்படம் ஓடியது. பிச்சைமணி வலது காலை ஊன்றும்போதெல்லாம் தோள் சரிந்தது. கயிறு இழுபட்டது. பவளத்தின் தலை தாழ்ந்தது.

இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தார். "அடப்பாவி! நொண்டினது நானா?"

மெஹருன்னிசா காமிராவை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் பவளத்தின் கயிற்றை அவிழ்த்தார். பாதையின் மறுகோடியில் நின்று தவிட்டு வாளியைத் தட்டினார். பவளம் தானாக நடந்தது. தலை ஒரு தடவைகூடத் தாழவில்லை. பாதி வழியில் ஓடவே தொடங்கிவிட்டது. அது முட்டிய வேகத்தில் தவிடு முழுக்க டாக்டரின் வெள்ளைக் கோட்டில்.

பிச்சைமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததால் வந்த தண்ணீர் என்று சொல்லிக்கொண்டார்.

"அப்போ மூணு வாரமும் நான் அளந்தது வீணா மேடம்?"

"ஏன் வீண்? வலி இருக்குன்னு சரியாத்தானே கண்டுபிடிச்சீங்க?" கோட்டைத் தட்டிவிட்டபடி சொன்னார் அவர். "அந்த முட்டியை யார்கிட்டயாவது காட்டினீங்களாண்ணே?"

பவளம் அதற்குப் பிறகு ஐந்து கன்று ஈன்றது.